பலூன் மேடம் விழுங்கிய இரண்டெழுத்து

கோளரங்கத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது என் வேலை. இருட்டு அரங்குக்குள் நின்று வானத்தைக் காட்டி விளக்கம் சொல்வது அவர் வேலை. வருகிற பிள்ளைகள் எல்லாம் அவரைப் பலூன் மேடம் என்று கூப்பிடுவார்கள். நான் அக்கா என்பேன். உங்களுக்கு நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. ஆனா எனக்கு வக்காலத்து மட்டும் வாங்காதே" என்றார். அதனால் வாங்கவில்லை.

அக்கா பெரிய விஞ்ஞானி எல்லாம் இல்லை. இயற்பியலில் ஒரு பட்டம் வாங்கிவிட்டு, படக்கருவிக்குப் பல்பு மாற்றுகிற வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவர். ஒரு நாள் விளக்கம் சொல்பவர் தொண்டை கட்டிக்கொண்டு வராமல் போனார். நூற்றிருபது பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா மைக்கை எடுத்தார். அன்றைக்கு எடுத்தவர்தான், இருபத்திரண்டு வருஷம் கீழே வைக்கவில்லை. நல்ல கனமான குரல். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். அதுவே வினையாகும் என்று யாருக்குத் தெரியும்?

அவர் வீட்டுக்காரர் பல் செட்டு செய்பவர். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, பல்லை அடுக்கி, அரைத்து, மெருகேற்றிக் கொடுப்பார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். "ஆதியில அண்டம் வீங்கிச்சுன்னு இவ சொல்றா. வீக்கம்னா எங்க டாக்டர்கிட்டல்ல வரணும்?" என்பார். "அவளோடது பல பிரபஞ்சம், என்னோடது பல் பிரபஞ்சம். ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்."

பலூன் என்ற பெயர் வந்த கதையும் அந்த வீக்கம்தான். அக்கா ஒரு சிவப்பு பலூனில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு வருவார். ஒரு நொடியைக் கோடி கோடிக் கூறாகப் போட்டால் வருகிற துணுக்கு நேரத்துக்குள், அணுவைவிடச் சின்னதாக இருந்த இடம் நினைத்துப் பார்க்க முடியாத மடங்கு வீங்கியது என்பார். சொல்லிக்கொண்டே ஊதுவார். புள்ளிகள் விலகும். அதனால்தான் வானத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும், ஒன்றை ஒன்று எட்ட வழியே இல்லாவிட்டாலும், ஒரே அளவு சூட்டில் இருக்கின்றன என்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். அந்த வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்கவில்லை. நின்ற இடம் ஒவ்வொன்றும் ஒரு பிரபஞ்சம். நாம் இருப்பது அதில் ஒன்று. நிற்காத இடம் இன்னும் வீங்கிக்கொண்டே இருக்கிறது. இதற்கு முடிவே இல்லை என்றால் எங்கேயோ இதே மாதிரி ஒரு பூமி, இதே மாதிரி ஓர் அரங்கம், அதில் இதே நாற்காலியில் இன்னொரு நீ.

இந்த இடத்தில் பிள்ளைகள் "ஓ" என்று கத்துவார்கள்.

ஆனால் இயக்குநர் கையெழுத்துப் போட்டு எங்களுக்குத் தந்த உரையில் இருந்தது வேறு. "இப்படிப் பல பிரபஞ்சங்கள் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைக்காமலே போகவும் கூடும்." முதல் வருஷம் அக்கா இதை வரி பிசகாமல் சொன்னார். ஆதாரம் இல்லை என்றதும் பிள்ளைகளின் முகம் சப்பென்று ஆகிவிடும். முதலில் அந்தக் கடைசி வரியை விட்டார். பிறகு ஆதாரத்தை விட்டார். பிறகு ஆய்வாளர்கள் போனார்கள். கடைசியில் மிஞ்சியது "இருக்கலாம்". அதிலும் "லாம்" நாக்கில் இடறியது போல. ஒரு நாள் அதையும் விழுங்கிவிட்டு "இருக்கு" என்றார். அரங்கம் அதிர்ந்தது. அப்புறம் அந்த இரண்டெழுத்து திரும்பி வரவே இல்லை. நானும் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

டிரைவர் வர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான்.

ஐம்பது வயது இருக்கும். புதன்கிழமை மூன்று மணிக் காட்சி. "ஒண்ணு. ஓர சீட்டு" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது வாரமே அவர் யாரென்று எங்கள் காவலாளி சொல்லிவிட்டார். நகரப் பேருந்து ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாள் காலையில், நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். ஒன்பது வயது. விசாரணையில் இவர் மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் இவர் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். டிப்போவில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற அறையில் இருக்கிறார். எங்கள் அரங்கம் இருட்டு. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன்.

இதை நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். அது முக்கியம். "ஐயோ பாவம்" என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமை ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவரும் இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரங்கம் நிரம்பி, நான் கதவோரமாக நின்றேன். அக்கா அன்றைக்குப் பின்னி எடுத்துவிட்டார். பலூன் வெடிக்கிற அளவுக்கு ஊதி, வெடிக்காமல் நிறுத்தி, எல்லாரையும் மூச்சுப் பிடிக்க வைத்தார். விளக்குப் போட்டதும் கேள்வி நேரம். மாணவர்கள் நாலைந்து பேர் கேட்டார்கள். கடைசியில் ஓர சீட்டிலிருந்து ஒரு கை எழுந்தது.

டிரைவர் எழுந்து நின்றார். "மேடம், ஒரு வண்டி வருதுன்னு வைங்க. இங்க பிரேக் லேட்டா புடிச்சுது. அந்த இன்னொரு எடத்துல சரியான நேரத்துல புடிச்சிருக்குமா?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா சிரித்தவர்களைப் பார்த்துக் கையமர்த்தினார். "நல்ல கேள்வி. கண்டிப்பா புடிச்சிருக்கும். இங்க தவறினது அங்க தவறலை."

"அப்போ அந்தப் புள்ள…" அவருக்குக் குரல் உடைந்தது. "அந்தப் புள்ள அங்க இருக்கா?"

அக்கா என்னிடம் பின்னால் சொன்னது இது. "பிரேக்குன்னதும் எனக்கு ஒண்ணும் தோணலை. ஆனா புள்ளைன்னு சொன்னார் பாரு, அப்போ தெரிஞ்சுபோச்சு. நீ சொன்ன ஆளுன்னு தெரிஞ்சுது. எனக்கு எதுவும் தெரியாது, யாருக்குமே தெரியாதுன்னு சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."

அக்கா சொன்னார்: "இருக்கா. இந்நேரம் பை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்துக்கிட்டிருப்பா."

உடனே கைதட்டல். கல்லூரிப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். டிரைவர் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். கதவோரம் நின்ற என்னைக் கடக்கும்போது முதல் முறையாகச் சிரித்தார். "வர்றேன்மா" என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சீருடை. முழங்கைக்குக் கீழே ஆவி பட்டு வெந்த பழைய தழும்புகள். டிக்கெட் வாங்கவில்லை. "பலூன் மேடம்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்களைப் பார்க்கணும்" என்றார். காட்சி முடிகிறவரை தாழ்வாரத்தில் காத்திருந்தார். பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை.

அக்கா வெளியே வந்ததும், "என் பொண்ணு பள்ளிக்கூடம் போறான்னு சொன்னீங்களாம்" என்றார்.

"பஸ் ஓட்டினவர் வந்திருந்தார்" என்றார் அந்தப் பெண். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "ரெண்டு வருஷமா மாசத்துல ஒரு நாள் வருவார். வாசல்ல நிப்பார். ஒண்ணும் பேச மாட்டார். அழுவார், போயிடுவார். அவர் மேல தப்பில்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா என் பொண்ணுக்காக என்னைத் தவிர இன்னொரு ஆள் அழுறாரே, அது எனக்கு ஒரு துணை மாதிரி இருந்துச்சு. போன வாரம் சிரிச்சுக்கிட்டு வந்தார். கையில இனிப்புப் பெட்டி. உங்க பொண்ணு நல்லா இருக்காம்மா, மேடம் சொல்லிட்டாங்கன்னார்."

"அம்மா, அது வந்து…" என்று அக்கா ஆரம்பித்தார்.

"எத்தனாவது படிக்கிறா?"

"என்னங்க?"

"இங்க நாலாவதோட நின்னுபோச்சு. அங்க இப்போ ஆறாவதா? நீங்க பார்த்த மாதிரி சொன்னீங்களாமே."

அப்போதும் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப்படி பார்த்தால் முடிவில்லாத இடத்தில் எல்லாச் சேர்க்கையும் எங்கேயாவது நடக்கும் என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அந்தக் கனமான குரல் இல்லை, மெலிந்து வந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்குக் கணக்கு வராது மேடம். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியாது."

"தெரியாததை எதுக்குச் சொன்னீங்க?"

அந்தப் பெண் ஓர் அடி கிட்டே வந்தார்.

"அப்படியே இருந்தாலும் அங்க அவளுக்கு ஒரு அம்மா இருப்பா. அந்த அம்மாவுக்குப் பொண்ணு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அழுறதுக்குத் துணையா இருந்த ஒரே ஆளு. அவரையும் நீங்க சிரிக்க வச்சு அனுப்பிட்டீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளுகிற மாதிரிக் கேள்வி என்பார்களே, அது இதுதான். கேட்டுவிட்டு அந்தப் பெண் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அடுத்த காட்சிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அக்காவால் உள்ளே போக முடியவில்லை. படக்கருவி ஓட்டுபவரே உரையைப் பார்த்து வாசித்தார். அக்கா தாழ்வாரத்துப் பெஞ்சில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் டிரைவர் கதையை முன்பே சொன்னவள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று என்னிடம் சொல்ல அவருக்கு வழியில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறார். அவர் கிண்டல் செய்யவில்லை. அரைத்துக்கொண்டிருந்த செட்டை மேசையில் வைத்தார். "நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதும்பாங்க. நான் செஞ்ச செட்டு ஈறைக் கடிச்சா வாங்கித் திரும்ப அரைச்சுக் குடுப்பேன். அதுக்கு முதல்ல அந்த வாய்க்காரர் முன்னாடி போய் நிக்கணும். அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அக்கா டிப்போவுக்குப் போனார். என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். எனக்கு அன்று வார விடுமுறை. உதிரி பாக அறை கம்பி வலை போட்டது. ரப்பர் வாடை, கிரீஸ் வாடை. டிரைவர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். "மேடம் இங்க வரலாமா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

அக்கா உட்காரவில்லை. "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்கங்கிறதுக்காகச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவருக்குப் புரியவில்லை. "அப்போ அந்த எடம் இல்லையா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாது. இருக்கலாம். இருந்தாலும் யாரும் போய்ப் பார்க்க முடியாது. அங்க இருந்து ஒரு சேதிகூட வராது. அங்க யார் இருக்காங்க, என்ன நடந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது."

டிரைவர் அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒரு வண்டி பின்னால் நகர்ந்து வருகிற பீப் பீப் சத்தம்.

"எனக்கும் ஒண்ணு தோணுச்சு மேடம்" என்றார். "மூணு நாலு நாளா. எல்லாமே எங்கேயாவது நடக்கும்னா, நான் நல்லாக் குடிச்சிட்டு வந்து மோதின எடமும் ஒண்ணு இருக்கணும்ல? பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சே எடுத்துக்கிட்டு வந்த எடமும் இருக்கணும்ல? அப்படிப் பார்த்தா அந்தப் புள்ளையை நான் எத்தனை தடவை…" முடிக்கவில்லை. "அதை யோசிக்கக் கூடாதுன்னுதான் நீங்க சொன்ன ஒரே ஒரு எடத்தை மட்டும் புடிச்சுக்கிட்டேன்."

அக்கா தலைகுனிந்து நின்றார்.

"அப்புறம் எதுக்கு மேடம் எல்லாரும் கை தட்டினாங்க?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். குத்திக் கேட்கிற ஆள் இல்லை அவர். "எனக்குத் தட்டினாங்க" என்றார் அக்கா.

டிரைவர், "நான் அந்த அம்மாகிட்ட இனிப்பு கொண்டுபோய்க் குடுத்தேனே" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "என்ன காரியம் பண்ணிட்டேன்."

அது அவர் செய்த காரியம் இல்லை, தான் செய்தது என்று அக்கா சொன்னார். அதைச் சொல்ல நானும் உங்களோடு வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்று பேரும் போனோம். இரண்டாவது மாடி, நீளமான நடை, கடைசிக் கதவு. ஒரு அறையும் சமையலறையும் இருக்கும். கொடியில் துவைத்த சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்தார், ஆனால் விலகி வழி விடவில்லை.

டிரைவர்தான் முதலில் பேசினார். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது எதுவும் நிஜம் இல்லை. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. இனிப்பு கொண்டு வந்தது…" அதற்கு மேல் முடியவில்லை. அழுதார். அந்தப் பெண்ணின் கண்ணும் நிறைந்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா ஓர் அடி முன்னால் வந்து, "தப்பு அவரோடது இல்லைங்க. நான்தான்…" என்றார்.

அந்தப் பெண் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "வரணும்னு தோணினா வாங்க. முன்ன மாதிரியே வாங்க. கையில ஒண்ணும் கொண்டுவராதீங்க." பிறகு உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தார். ஒரே ஒரு தம்ளர். அவர் குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

படி இறங்கும்போது அக்கா, "மன்னிப்புக் கேட்டா மனசு லேசாகும்பாங்க. பொய்டீ" என்றார்.

அடுத்த புதன்கிழமைக் காட்சியில், பலூனைத் தொடுவதற்கு முன்பே அக்கா மைக்கைப் பிடித்துச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் இதே அரங்கில் பல பிரபஞ்சங்களைப் பற்றி நான் சொன்னது தவறு; அவை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; ஆதாரம் இல்லை; தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அரங்கில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு. அன்றைக்குக் கை தட்டிய மாணவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் எங்கெங்கோ போய் யார் யாரிடமோ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பத்திரிகையிலும் வந்துவிட்டது. "மேடம், பலூன் எப்போ?" என்று ஒரு வாண்டு கேட்டது.

அக்கா இயக்குநரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, "இதையெல்லாம் யார் ஞாபகம் வச்சுக்கப்போறாங்க? கேள்வி நேரத்துக்குத்தான் கூட்டமே வருது, அதைக் கெடுத்துடாதீங்க" என்று காகிதத்தை மடித்து மேசைக்குள் வைத்தார். பத்திரிகைக்கும் அக்கா கடிதம் போட்டார். பதில் இல்லை. இரண்டாவது கடிதமும் போட்டார்.

அதன் பிறகு ஆறு வருஷம் வேலை பார்த்தார். உரையில் இருந்ததை இருந்தபடி சொன்னார். கூட்டம் குறைந்தது உண்மை. பழைய பிள்ளைகள் பெரியவர்களாகி வந்து, "முன்ன மாதிரி இல்லை மேடம்" என்று வருத்தப்பட்டார்கள். யாராவது எழுந்து, இறந்துபோன தாத்தாவைப் பற்றியோ நாய்க்குட்டியைப் பற்றியோ கேட்டால், "தெரியாதுப்பா" என்பார். சொல்லும்போது காதுமடல் சிவந்துபோகும். உண்மையைச் சொல்லும்போது ஏன் அக்கா கூசுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அன்னைக்குக் கேட்ட கைதட்டல் இருக்கே, அது நினைப்பு வந்தா முதல்ல ஒரு கணம் நல்லாத்தான்டீ இருக்கு" என்றார். "அப்புறம்தான் அந்தம்மா முகம் வரும். எது முதல்ல வருதுன்னு எனக்குத் தெரியும்ல?"

டிரைவர் எங்கள் அரங்கத்துக்கு மறுபடி வரவில்லை. மாதம் ஒரு நாள் அந்த இரண்டாவது மாடிக்குப் போகிறார் என்று காவலாளி சொன்னார்; அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டார். அக்கா ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆள் போடவில்லை. பதிவு செய்த குரல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார்கள். நல்ல உச்சரிப்பு, தப்பில்லாத உரை. முடிந்ததும் விளக்கு எரியும், கதவு திறக்கும், எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கேள்வி நேரம் இல்லை.